பாலைவனத்தில் நாலு மாதம்: மோட்டார்ஹோமா, பிக்கப்பும் டிரெய்லருமா?

நவம்பரில் கனடாவின் கல்கரியிலிருந்து கிளம்பி, ஐ-15 நெடுஞ்சாலையைப் பிடித்து மொன்டானா, ஐடஹோ, யூட்டா, லாஸ் வேகாஸ் வழியாக அரிசோனாவின் குவார்ட்ஸைட்டில் போய் இறங்குவது, மார்ச் கடைசியில் அதே வழியில் திரும்புவது. ஒரு வழிக்குச் சுமார் 2,400 கி.மீ. ஓய்வு பெற்ற தம்பதிகள் ஆயிரக்கணக்கில் ஆண்டுதோறும் செய்வதுதான். இந்த அலசல் அவர்களில் ஒரு பகுதியினருக்கு: போய் இறங்கியபின் நாற்காலி போட்டு உட்காராமல், வாரத்தில் நாலு நாளாவது ஜிபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு கேஷ் (ஜியோகேஷிங் விளையாட்டில் பிறர் ஒளித்துவைத்து, இருப்பிடத்தை இணையத்தில் அறிவிக்கும் பெட்டி) தேடப் போகிறவர்களுக்கு. அந்த ஒரு பழக்கம் வண்டித் தேர்வையே மாற்றிவிடுகிறது.

போட்டியில் இருப்பவை இரண்டு. ஒன்று, சி வகை மோட்டார்ஹோம் (வேன் முகப்போடு கட்டிய நடுத்தர அளவு வீட்டு வண்டி), பின்னால் இழுத்துவரும் ஜீப். மற்றது, பிக்கப் டிரக், பின்னால் 22 முதல் 25 அடி வீட்டு டிரெய்லர். நாங்கள் எடுத்தது இரண்டாவது, சாய்வும் அந்தப் பக்கம்தான். அதை மறைத்து நடுநிலை பேசுவதில் பொருளில்லை.

எல்லோரும் சொல்லும் சில விஷயங்களை முதலில் கடந்துவிடுவோம். மோட்டார்ஹோமில் மழையிலும் பனியிலும் இறங்காமலேயே சமையலறைக்குப் போகலாம். டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டப் பழக வேண்டும். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பின்பக்கம் எந்தத் திசையில் போக வேண்டுமோ கையை அந்தத் திசையில் நகர்த்தினால் போதும்; காலி வாகன நிறுத்தத்தில் ஒரு சனிக்கிழமை போதுமான பயிற்சி. பெட்ரோல் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. சி வகை காலனுக்கு 8 முதல் 10 மைல், டிரெய்லர் இழுக்கும் பிக்கப் 10 முதல் 12. கட்டிலும் கழிப்பறையும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தீர்மானிக்கும் விஷயம் வேறு: போய் இறங்கிய பிறகு வரும் நூற்றுச் சொச்சம் நாட்களில் தினமும் காலையில் எந்த எஞ்சினைக் கிளப்புகிறீர்கள், எது சும்மா நிற்கிறது?

குவார்ட்ஸைட்டில் தங்குவது எப்படி என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். ஊருக்குத் தெற்கே, 95ஆம் நெடுஞ்சாலையின் இருபுறமும் லா போசா என்ற நீண்டகாலத் தங்கல் பகுதி. மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை, அதாவது பிஎல்எம், நடத்துவது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரைக்கும் ஒரே அனுமதிச் சீட்டு. பல ஆண்டுகளாக அது 180 டாலராகவும், 14 நாளுக்கு மட்டும் என்றால் 40 டாலராகவும் இருந்தது. கிளம்பும் முன் அந்த ஆண்டின் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளவும். குடிநீர்க் குழாய், குப்பைத் தொட்டி, கழிவு இறக்குமிடம் எல்லாம் வளாகத்திலேயே உண்டு. மின்சார இணைப்பு கிடையாது. சீட்டே வேண்டாம் என்பவர்கள் ப்ளோமோசா ரோடு, ஹை ஜாலி, டோம் ராக் போன்ற இடங்களில் 14 நாள் இலவசமாகத் தங்கலாம். பிறகு 25 மைல் தள்ளிப் போய்விட வேண்டும். எங்கே தங்கினாலும் வீடு ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிற்கும்; மளிகைக்கும் தண்ணீருக்கும் கேஷுக்கும் வேறொரு வண்டி ஓடும்.

டிரெய்லரில் எஞ்சின் இல்லை. நிற்பதற்கென்றே செய்த பெட்டி. சமன்படுத்தி, நாலு மூலைக்கும் ஜாக் போட்டு, ஹிட்சை, அதாவது டிரெய்லரை மாட்டும் இணைப்பை, கழற்றினால் பிக்கப் உங்கள் கையில். ஒரு எஞ்சின், ஒரு கியர்பாக்ஸ், ஒரே எண்ணெய் மாற்றும் கணக்கு. ஊரில் மற்ற எட்டு மாதம் ஓட்டுவதும் அதே வண்டிதான்.

மோட்டார்ஹோம் வைத்திருப்பவருக்கு எஞ்சின் இரண்டு. அதில் விலை கூடியது பாலைவனத்தில் மூன்று நாலு மாதம் சும்மா நிற்கிறது. நிற்கும் எஞ்சினுக்கு அங்கே முதல் எதிரி பேக்ராட் எலி. இரவில் மறைவிடம் தேடி ஏறி, சோயா (cholla) என்னும் கள்ளியின் முள்ளையும் குச்சியையும் கொண்டுவந்து கூடு கட்டும். கட்டும்போது வயரிங்கைக் கடித்துவைக்கும். மார்ச்சில் கிளப்பும்போது எச்சரிக்கை விளக்கெல்லாம் எரியும். குவார்ட்ஸைட்டில் இரவில் வரிசையாக பானட்டைத் திறந்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். எலிக்கு இருட்டும் மறைவும் வேண்டும், அதைக் கொடுக்காமலிருப்பதற்கான வழி அது. சிலர் வண்டிக்கு அடியில் சர விளக்கு போடுகிறார்கள். பலன் தருகிறது, முழுமையாக இல்லை. பிக்கப்பையும் எலி விடாது. ஆனால் தினமும் ஓடும் வண்டியில் கூடு ஒரு ராத்திரி அளவில்தான் இருக்கும், காலையில் பானட்டைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது ஜெனரேட்டர். மோட்டார்ஹோமோடு வரும் பெட்ரோல் ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை பாதிச் சுமையில் இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். ஓட்டாவிட்டால் கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசின்போலப் படிந்து, எஞ்சின் வேகம் ஏறி இறங்க ஆரம்பிக்கும். பிறகு டயர். சி வகை மோட்டார்ஹோம் பலவற்றுக்கும் அடிப்படை ஃபோர்டு இ-450 சேசிஸ். அனுமதித்த மொத்த எடை 14,500 பவுண்ட், கட்டி முடித்த வண்டி அந்த எல்லைக்கு ஒட்டியே நிற்கும். அந்தச் சுமையோடு ஆறு டயரும் ஒரே இடத்தில் வெயிலில் நிற்கின்றன. உறை போட வேண்டும், அடியில் பலகை வைக்க வேண்டும். டிரெய்லர் டயருக்கும் இதே வெயில்தான், ஆனால் நாலே டயர், விலையும் குறைவு.

எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பெரிதாகப்படுவது பழுது. மோட்டார்ஹோமின் கியர்பாக்ஸ் போனால் வீடே பட்டறைக்குப் போகிறது. உதிரி பாகம் வரும்வரை நீங்கள் மோட்டலில். பிக்கப் பழுதானால் வீடு லா போசாவிலேயே இருக்கும், பக்கத்து டிரெய்லர்காரர் ஊர்வரை கொண்டுபோய் விடுவார்.

இழுத்துவரும் ஜீப்புக்கு என்னென்ன வேண்டும் என்பதை விற்பவர்கள் கடைசியில்தான் சொல்வார்கள். ஜீப்பின் முன்சட்டத்தில் பதிக்கும் பேஸ் பிளேட், டோ பார், பாதுகாப்புச் சங்கிலி, பின்விளக்கு வயரிங், ஜீப்பின் பிரேக்கைத் தானாக மிதிக்கும் கருவி. பொருத்தும் கூலியோடு 3,000 அமெரிக்க டாலருக்குக் கீழே வருவது அரிது. எல்லாக் காரையும் நாலு சக்கரமும் உருள இழுக்கவும் முடியாது. ஹோண்டா சிஆர்-வி 2014 மாடல் வரை கையேட்டில் அனுமதி இருந்தது; 2015இல் சிவிடி கியர் வந்ததும் அது போயிற்று. ஜீப் ரேங்க்ளரில் டிரான்ஸ்பர் கேஸை (நாலு சக்கரத்துக்கும் விசை பிரிக்கும் பெட்டியை) நியூட்ரலில் போட்டு, தானியங்கி கியரைப் பார்க்கில் வைத்து இழுக்கலாம். நியூட்ரலில் விழுந்ததா என்று உறுதிசெய்யாமல் இழுத்தால் கியர்பாக்ஸ் சில மைல்களில் நாசமாகும். காலையில் குளிரில் விறைத்த கையோடு அவசரமாகச் செய்யும்போது நடக்கும் பிழை இது. இன்னொன்று, டோ பாரில் கார் மாட்டியிருக்கும்போது பின்னோக்கி எடுக்கவே கூடாது. முன்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பி டோ பார் வளைந்துவிடும். முட்டுச்சந்தான பெட்ரோல் நிலையத்தில் நுழைந்துவிட்டால் ஜீப்பைக் கழற்றித்தான் வெளியே வர முடியும்.

ஜீப்பே வேண்டாம், மோட்டார்ஹோமிலேயே கேஷுக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் செய்துபார்த்தால் விட்டுவிடுவார்கள். ஸ்லைடை (பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதியை) உள்ளே இழுத்து, பாத்திரத்தைக் கட்டி, சமன் பலகையை எடுத்து, திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். அதோடு அரை மைல் மண்பாதையில்கூட அந்த உயரமும் நீளமும் நுழையாது.

பிக்கப்பின் பலவீனம் எடைக் கணக்கு. விளம்பரத்தில் வரும் இழுவைத் திறனை மறந்துவிடுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் நிலையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் பேலோட் எண், அதாவது வண்டி சுமக்கக்கூடிய எடை, இருக்கும், அதுதான் முதலில் முட்டும். உதாரணத்துக்கு 1,650 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். இருவரின் எடை 320. ஹிட்ச் 90. நிரப்பிய டிரெய்லர் 6,200 பவுண்ட் என்றால் அதன் மூக்குப் பகுதி ஹிட்சில் தரும் அழுத்தம் எட்டில் ஒரு பங்கு, 775. மிச்சம் 465. பின்கூடு மூடி 180 போனால் 285. கையில் தூக்கும் ஜெனரேட்டர் 47, ஒரு கேன் பெட்ரோல் 35, கருவிப்பெட்டியும் கம்ப்ரெஸரும் மணல் பலகையும் 90. கையில் நிற்பது 113 பவுண்ட். ஏழு காலன் தண்ணீர் கேன் ஒன்று 60 பவுண்டுக்குமேல், ஆகவே இரண்டாவது கேனுக்கே இடமில்லை. தண்ணீரைப் பயணத்தில் சுமக்கக் கூடாது, போய்ச் சேர்ந்தபின் பிடித்துக்கொள்ள வேண்டும். டிரெய்லர் வாங்கும் முன்பே இந்தக் கழித்தலைக் காகிதத்தில் போட்டுவிடுங்கள். வாங்கியபின் டிரக் நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் டிரெய்லரோடு ஒருமுறை, பிக்கப்பை மட்டும் ஒருமுறை நிறுத்திச் சரிபார்க்கலாம். எடையைப் பகிரும் ஹிட்சும் ஆட்டத்தைத் தடுக்கும் கம்பியும் இல்லாமல் இந்த வழியில் இறங்க வேண்டாம். யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் தாண்டி வர்ஜின் நதிப் பள்ளத்தாக்கில் காற்று பக்கவாட்டில் அடிக்கும்.

ஹிட்சைக் கழற்றிய கணமே அந்த 775 பவுண்டும் பிக்கப்புக்குத் திரும்பக் கிடைக்கிறது. தினசரி வாழ்க்கையில் இதன் பயன் பெரிது. 45 காலன் தண்ணீர்ப் பையைப் பின்கூட்டில் விரித்து, குழாயடியில் நிரப்பினால் 375 பவுண்ட். 12 வோல்ட் பம்ப் வைத்து டிரெய்லர் தொட்டிக்கு ஏற்றிவிடலாம். சிக்கனமான இருவருக்கு நாளொன்றுக்கு நாலைந்து காலன் போதும், அதாவது ஒன்பது பத்து நாள் தண்ணீர். பாத்திரம் கழுவும் கழிவுநீர்த் தொட்டிதான் முதலில் நிரம்பும். அதற்குச் சக்கரம் வைத்த கைத்தொட்டி ஒன்று வாங்கிக்கொண்டால் வீட்டை அசைக்காமலே கழிவைக் கொண்டுபோய்க் கொட்டலாம். ஜீப்பின் பின்பகுதியில் இந்த இரண்டும் ஏறாது, ஏறினாலும் உள்ளே கழிவு மணக்கும். மோட்டார்ஹோம்காரர்கள் கடைசியில் வீட்டையே கிளப்பிக்கொண்டு கழிவுக் குழிக்குப் போகிறார்கள்.

வழியில் உறைபனி இரண்டுக்கும் பொதுவான தொல்லை. மொன்டானா-ஐடஹோ எல்லையில் மொனைடா கணவாய் சுமார் 2,090 மீட்டர் உயரம். நவம்பரில் அங்கே எதுவும் நடக்கலாம். குழாய்களில் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸோடு, தண்ணீர் இல்லாமலேயே கிளம்புங்கள். நடுத்தர டிரெய்லருக்கு வெந்நீர்க் கொதிகலனை பைபாஸில் போட்டால் இரண்டு காலன் போதும். குடிக்கக் கேன் தண்ணீர், கழிப்பறைக்கும் அதே ஆன்டிஃப்ரீஸ். லாஸ் வேகாஸ் தாண்டி இரவு வெப்பநிலை நிலையாகப் பூஜ்ஜியத்துக்கு மேல் வந்தபின் திறந்தால் போதும்: நல்ல தண்ணீர் ஊற்றி, இளஞ்சிவப்பு மறையும் வரை ஒவ்வொரு குழாயாகத் திறந்துவிட்டு, 15 காலனுக்கு கால் கப் மணமில்லாத பிளீச் கலந்து நாலு மணி நேரம் நிறுத்திக் கழுவ வேண்டும். கொதிகலன் முழுதும் நிரம்பி வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வரும்வரை அதன் மின்சுவிட்சைத் தொடாதீர்கள். காய்ந்த தொட்டியில் ஹீட்டர் கம்பி நொடிகளில் எரிந்துபோகும். (தோசை மாவு எடுத்துப் போகிறவர்களுக்கு: ஜனவரி இரவில் மாவு புளிக்காது. பாத்திரத்தைத் துண்டில் சுற்றி, வெந்நீர்ப் புட்டியோடு ஓவனுக்குள் வைக்க வேண்டும்.)

இனி ஜீப் பக்கத்து நியாயம். பாலைவனப் பாதையில் ரேங்க்ளர் பிக்கப்பைவிட நல்ல வண்டி, அதில் வாதமில்லை. முழு அளவு பிக்கப் நீளம்; முன் பின் சக்கரங்களுக்கு நடுவே தரை இடிக்கும். அகலமும் கூட. இருபுறமும் பாலோ வெர்டே, கேட்க்ளா என்னும் முள்மரங்கள் பெயின்ட்டில் கோடு போட்டுவிடும். கோடு விழுந்தால் மனம் பதைப்பவர்கள் புது பிக்கப்பை இதற்கு வாங்கவே கூடாது. குறுகிய வாஷில், அதாவது வறண்ட ஓடைப் படுகையில், திரும்பிவர இடமில்லாமல் அரை கி.மீ. பின்னோக்கி வர வேண்டியிருக்கும்.

ஆனால் தேடுவது கேஷ் என்பதை மறந்துவிடக் கூடாது. பாதையின் முடிவு வரை வண்டி போனாக வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு கேஷுக்கும் கடினம், நிலப்பரப்பு என்று ஒன்று முதல் ஐந்து வரை இரண்டு மதிப்பெண் உண்டு. நிலப்பரப்பு மூன்று வரை உள்ளவற்றில் பெரும்பாலானவை ஓரளவு நல்ல மண்பாதையிலிருந்து நடந்து எட்டும் தூரத்தில் இருக்கும். வண்டியை அகலமான இடத்தில் விட்டுவிட்டு கடைசி முந்நூறு நானூறு மீட்டரை நடப்பதுதான் எப்படியும் ஆட்டத்தின் சுவை. பாதையை ஒட்டி வரிசையாக வைத்த பவர் டிரெயில்களில் நிலைமை வேறு. விதிப்படி இரண்டு பெட்டிக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும், ஆகவே ஏறக்குறைய அந்த இடைவெளிக்கு ஒரு நிறுத்தம், ஒரே நாளில் நூறு முறை ஏறி இறங்க நேரும். பிக்கப்பின் உயரம் முழங்காலைப் பதம்பார்க்கும். படிப்பலகை போட்டால் தரை இடைவெளி குறையும். இருவரும் மாறிமாறி இறங்குவதைத் தவிர நல்ல தீர்வு இல்லை.

பாதையில் பிக்கப்பைப் பழக்க இரண்டு செலவு போதும். கனமான பக்கச்சுவர் கொண்ட எல்டி டயர். சாதாரண டயரின் பக்கச்சுவரை உடைந்த எரிமலைக் கல்லும் மெஸ்கீட் முள்ளும் கிழித்தால் ஒட்டுப் போட முடியாது. நல்ல 12 வோல்ட் கம்ப்ரெஸர், டயர் காற்றளவுமானி. வாஷ் மணலிலும் வாஷ்போர்ட் என்னும் அலைமேடுப் பாதையிலும் காற்றை 20, 22 பிஎஸ்ஐ வரை இறக்கினால் பிடிமானம் கூடும், உடம்பும் குலுங்காது. தார்ச்சாலைக்கு வந்ததும் ஏற்றிவிட வேண்டும். டிரெய்லரை மாட்டும் நாளில் இதை மறப்பதுதான் பிக்கப்காரர்களுக்கே உரிய பிழை: பின்டயர் மெத்தென்று இருந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஹிட்ச் பூட்டுக்கு முன் நாலு டயர், இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வண்டியானாலும் மாறாத சில. பிஎல்எம் நிலத்தில் ஏற்கெனவே உள்ள பாதையை விட்டுச் சக்கரம் விலகக் கூடாது. குவார்ட்ஸைட்டிலிருந்து யூமா போகும் வழியில் ராணுவத்தின் யூமா சோதனைக் களம் சாலையை ஒட்டியே வருகிறது. வெடிக்காத குண்டுகள் கிடக்கும் நிலம், ஜிபிஎஸ் அம்பு எங்கே காட்டினாலும் எல்லைப் பலகையைத் தாண்டாதீர்கள். கோஃபா வனவிலங்குக் காப்பகத்தில் கேஷ் பெட்டி வைக்க அனுமதியில்லை. ஆனாலும் குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே 18 மைலில் பிரியும் பாம் கேன்யன் மண்பாதையில் ஏழு மைல் போய், பாறை இடுக்கில் தானாக வளர்ந்த பனைகளைப் பார்த்துவரலாம், பிக்கப் தாராளமாகப் போகும். மாநில அறக்கட்டளை நிலத்துக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். கைபேசி சமிக்ஞை நம்ப முடியாது. ஜியோகேஷிங் தளத்தில் மொத்தமாக இறக்கும் பட்டியலான பாக்கெட் குவெரி ஒன்றில் ஆயிரம் கேஷ் வரை முன்பே இறக்கிக் கைக்கருவியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், சோயா முள்ளை நெம்பி எடுக்க ஒரு சீப்பு, கல்குவியலைப் புரட்ட ஒரு கம்பு. குளிர்காலத்தில் பாம்பு குறைவு. வெயில் ஏறிய மதியத்தில் அது பொருந்தாது. பழைய சுரங்க வாயில் கண்ணில் பட்டால் வெளியிலிருந்தே பார்க்கவும்.

மறுவிற்பனையிலும் சாய்வு அதே பக்கம்தான், கொஞ்சம் நிபந்தனையோடு. பிக்கப் எப்போதும் விலைபோகும். டிரெய்லர் முதல் சில ஆண்டுகளில் வேகமாக விழும், ஆகவே நாலைந்து வயதானதை வாங்குவது நல்லது. வாங்கும்போது கூரை மூலைகளிலும் ஜன்னலுக்குக் கீழும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், சுவர் மெத்தென்றிருந்தால் நீர்க்கசிவு, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். டயரின் பக்கச்சுவரில் உள்ள டாட் (DOT) எண்ணில் கடைசி நாலு இலக்கம் வாரமும் ஆண்டும்; ஐந்தாறு ஆண்டு தாண்டியிருந்தால் பள்ளம் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிட்டே தெற்கே போக வேண்டும். சக்கர பேரிங்குக்கு ஆண்டுக்கொருமுறை கிரீஸ். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய ஐம்பது மைலில் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பார்க்கவும்.

கேம்பர் வேன்களை இந்த அலசலில் சேர்க்கவில்லை. இரண்டு வாரப் பயணத்துக்கு அவை அருமை. நாலு மாதத்துக்கு இருவர் அந்தக் குழாய்க்குள் வாழ்வது பற்றி எங்கள் அனுபவம் மெலிது, தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு இல்லை. டீசல் ஏ வகைப் பெரிய மோட்டார்ஹோம்களின் கணக்கும் வேறு.

ஒரே ஒரு சூழலில் எங்கள் சாய்வைத் தள்ளிவைத்துவிடலாம். வீட்டில் ஏற்கெனவே ஒரு ரேங்க்ளர் இருக்கிறது, தேடுவது நிலப்பரப்பு நாலு, ஐந்து மதிப்பெண் கேஷ்கள் என்றால், சி வகை மோட்டார்ஹோமைப் பழையதாக வாங்கி ஜீப்பை மாட்டிப் போங்கள். வாங்கும் முன் மோட்டார்ஹோமின் ஹிட்ச் வரம்பு 5,000 பவுண்டா 7,500 பவுண்டா என்று பார்க்க வேண்டும். நாலு கதவு ரேங்க்ளரில் இரண்டாவது டயரும் மீட்புக் கயிறும் பின்கம்பிக் கூடையும் ஏற்றினால் முதல் வரம்பு சீக்கிரம் முட்டிவிடும். நிற்கும் மாதங்களில் இரவில் பானட்டைத் திறந்து வையுங்கள்.